நூற்றுக்குத் தொண்ணூற்றேழு கவனம்

எங்கள் கல்லூரியில் ஆயிரத்து எண்ணூறு பேருக்கு என் முகம் மனப்பாடம். அவர்களில் ஒருவர்கூட என்னோடு பேசுவதில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். நான் ஒரு முறை நாற்பது நிமிடம் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

என் பெயர் கோமதிநாயகம். பெயரை வைத்து ஓய்வு பெற்ற தாசில்தார் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இறுதியாண்டு எலக்ட்ரிகல், வயது இருபத்தொன்று. கல்லூரி சங்கரன்கோவில் சாலையில், காற்றாலைகளுக்கு நடுவே இருக்கிறது. நூற்றுக்கணக்கான காற்றாலைகள் எப்போதும் ஒரே திசையைப் பார்த்து நிற்கும். எந்தத் திசை என்பதைக் காற்று முடிவு செய்யும். கல்லூரி இருக்கும் திசையாக மட்டும் அது ஒருநாளும் இருந்ததில்லை.

விடுதியில் 214ஆம் அறை எனக்கும் இசக்கிராஜாவுக்கும். இசக்கியை அந்தப் பெயரில் கூப்பிட்டால் விடுதியில் யாருக்கும் தெரியாது. ‘அனைவருக்கும்’ என்றால் தெரியும். இரண்டாம் ஆண்டில் துறை விழாவுக்கு அவனை வரவேற்புரை சொல்ல நிறுத்தினார்கள். ஒலிபெருக்கி முன்னால் போய், “அனைவருக்கும்” என்றான். அடுத்த சொல் ‘வணக்கம்’. அது அவனுக்கும் தெரியும், கீழே இருந்த முந்நூறு பேருக்கும் தெரியும். நான்கு நிமிடம் ஆகியும் அது வரவில்லை. கடைசியில் துறைத் தலைவரே எழுந்து வந்து “வணக்கம்” என்று சொல்லி அவனை இறக்கிவிட்டார். அன்றிலிருந்து மெஸ்ஸில், “ஏலே, அனைவருக்கும் வாரான், சாம்பார் வாளிய இந்தப் பக்கம் தள்ளு” என்பார்கள்.

அதே இசக்கி 214இல் வாயை மூட மாட்டான். சாயங்காலம் ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் மெஸ் மணி அடிக்கும் வரை ஓடும். மின்மாற்றி ஏன் முனகுகிறது, அவன் அக்கா கல்யாணத்தில் பந்திக்கு நடுவே மின்சாரம் போனபோது பாயசத்தில் எது விழுந்தது, வார்டன் ஏன் ஒரு காதை மட்டும் தடவிக்கொண்டே பேசுகிறார், எல்லாம் வரும். நடுவில் நானும் பேசுவேன். என் பேச்சுக்கு அவன் முகம் காட்டிச் சிரிக்க மாட்டான். தலையைக் குனிந்துகொள்வான், தோள் மட்டும் குலுங்கும்.

பதினொரு கம்பெனிகள் வளாகத் தேர்வுக்கு வந்தன. பதினொன்றிலும் இசக்கி எழுத்துத் தேர்வில் முதல் மூன்றுக்குள் வந்தான். பிறகு, ‘உங்களைப் பற்றி இரண்டு நிமிடம் சொல்லுங்கள்’ என்பார்கள். பதினொன்றிலும் அங்கேயே முடிந்தது.

பன்னிரண்டாவதற்கு முன்னால் வேலைவாய்ப்புப் பிரிவின் சகாயமேரி மேடம் எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

“இசக்கி, ரூம்ல கோமதிகிட்ட எப்படிப் பேசுவ?”

“அது கோமுகிட்டதான மேடம்.”

“முந்நூறு பேர் முன்னாடி?”

அவன் திரும்பிக் கதவைப் பார்த்தான்.

“சரி. அந்த முந்நூறு பேரும் கோமதியா இருந்தா?”

நான் சிரித்தேன். மேடம் சிரிக்காமல் மேசை இழுப்பறையிலிருந்து தடித்த சட்டம் போட்ட கண்ணாடி ஒன்றை எடுத்து வைத்தார். ‘அவையாடி’ என்று உறையில் எழுதியிருந்தது.

“இதைப் போட்டுட்டு யாரைப் பார்த்தாலும் ஒரே முகம்தான் தெரியும். நீ கேட்கிற முகம். முகம் மட்டும்தான் மாறும். சேலை, சட்டை, தொப்பை எல்லாம் அவங்கவங்களோடது.”

“மேடம், முதல்வர் தொப்பை மேல என் தலையா?”

“உனக்கு என்னப்பா நஷ்டம்? வருத்தப்பட வேண்டியது அவர்.”

“அப்பம் என் போட்டோ ஒண்ணு போதுமா மேடம்?”

“போட்டோ எதுக்கு ஆகும்? நீ நாற்பது நிமிஷம் நிஜமா காது கொடுத்துக் கேட்கணும். கேமரா உன் கண்ணு, புருவம், தலையாட்டல் எல்லாத்தையும் பிடிச்சுக்கும். அதுக்கப்புறம் அவன் என்ன பேசினாலும் அந்த முகம் கேட்கும். ஒரு செகண்டு கவனம் சிதறினாலும் மிஷின் நிப்பாட்டிடும். இதுவரைக்கும் அறுபத்தாறு பேரை உட்கார வெச்சுப் பார்த்தாச்சு.”

“என்ன ஆச்சு மேடம்?”

மேடம் பெருமூச்சு விட்டார். பெரும்பாலானவர்கள் மூன்றாவது நிமிடத்தில் செல்போனைத் தொட்டிருக்கிறார்கள். பேராசிரியர்கள் ஏழாவது நிமிடத்தில் குறுக்கே விழுந்து திருத்தியிருக்கிறார்கள். ஒரு காதல் ஜோடி வந்ததாம். அவள் பேச, அவன் கேமராத் திரையில் தன் முடியைப் பார்த்துக்கொண்டிருந்தானாம்.

நான் உட்கார்ந்தேன், இசக்கி எதிரே உட்கார்ந்து பேசினான். என் செல்போன் அப்போது வார்டன் பீரோவில் இருந்தது. அதற்கும் ஒரு கதை உண்டு, இங்கே வேண்டாம்.

நாற்பது நிமிடம். மதிப்பெண் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. ‘ஆழ்ந்த ஈடுபாடு, கனிவு, எதிர்பார்ப்பு’ என்று திரையில் வந்தது. மேடம் கண்களைத் துடைத்துக்கொண்டார். “இப்படி ஒரு பிள்ளை நம்ம காலேஜ்லயா?”

யாரிடமும் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். அன்று புதன்கிழமை. புதன்கிழமை மெஸ்ஸில் பரோட்டா. ஏழரைக்குத் திறப்பார்கள், பிந்திப் போனால் சால்னா மட்டும் மிஞ்சும். பதிவு நடந்தது ஆறு ஐம்பதிலிருந்து ஏழரை வரை. மதியம் வேறு நான் சாப்பிடவில்லை. இசக்கியின் தலைக்குப் பின்னால் சன்னல். சன்னலுக்கு அப்பால் மெஸ் புகைப்போக்கி. நான் முன்னால் சாய்ந்து, கண் விரிய, அவ்வப்போது எச்சில் விழுங்கி, தலையை மெல்ல ஆட்டியபடி அந்தப் புகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இசக்கி எதைப் பற்றிப் பேசினான் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பன்னிரண்டாவது கம்பெனிக்காரர்கள் ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இசக்கி கண்ணாடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனான். ஐந்து கோமதிநாயகங்கள் அவனை ஆவலோடு பார்த்திருக்க வேண்டும். இரண்டு நிமிடம் கேட்டவர்களுக்கு இருபது நிமிடம் பேசிவிட்டு வந்தான். வேலை புனேயில், ஜூலையில் சேர வேண்டும். அந்த வாரமே மாவட்டப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு. ‘அனைவருக்கும்’ என்ற பட்டப்பெயர் ஒரே இரவில் காணாமல் போனது.

கண்ணாடிக் கம்பெனி என் முகத்தைப் பொதுப் பட்டியலில் சேர்க்க அனுமதி கேட்டது. பதினான்கு பக்கப் படிவம். கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள்.

அதற்குப் பிறகு கல்லூரி முழுவதும் என்னைப் பார்த்துப் பேசியது. கருத்தரங்கு, வாய்மொழித் தேர்வு, தேர்தல் பிரச்சாரம், எல்லாவற்றிலும் நான்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். தொண்டை அடைத்தவர்கள் தெளிவாகப் பேசினார்கள். கை நடுங்கியவர்கள் கையை வீசினார்கள். நல்ல காரியம்தான், நான் மறுக்கவில்லை.

ஒரு சிறு சங்கடம் மட்டும் வந்தது. மாதக்கணக்கில் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பேசியவர்களுக்கு, என் முகத்தைப் பார்த்தாலே பேச்சு வந்தது.

முதலில் அது நடந்தது கேன்டீனில். சிவில் துறை ஏஞ்சலினிடம், மதுரைப் பேருந்து போய்விட்டதா என்று கேட்டேன். அதைக் கேட்பதற்கு மூன்று நாள் ஒத்திகை பார்த்திருந்தேன், அது வேறு விஷயம். அவள் நிமிர்ந்தாள். முதுகு நேரானது. “மாண்புமிகு தலைவர் அவர்களே, நடுவர் பெருமக்களே, நீர் மேலாண்மை என்பது” என்று ஆரம்பித்து, தாமிரபரணியில் இறங்கி, நிலத்தடி நீருக்குப் போய், ஏழு நிமிடம் கழித்து “நன்றி, வணக்கம்” என்று முடித்துவிட்டு வடையை எடுத்துக்கொண்டு போனாள். மதுரைப் பேருந்தும் போயிருந்தது.

பிறகு எல்லோரும். நடைபாதையில், நூலகத்தில், குழாயடியில் பல் தேய்க்கும்போது. அவர்கள் நிறுத்தும் இடம் பார்த்து நான் ஏதாவது சொல்ல வாயைத் திறந்தால் இன்னும் மோசம். முகம் வெளிறிவிடுவார்கள். அந்த முகம் பேசி அவர்கள் யாருமே பார்த்ததில்லை. சுவரில் மாட்டிய படம் ‘கொஞ்சம் தள்ளி நில்லுங்க’ என்றால் நாம் எப்படிப் போவோமோ, அப்படிப் போனார்கள். நாளடைவில் என்னைத் தூரத்தில் கண்டாலே வேறு வழியில் சுற்றிப் போகக் கற்றுக்கொண்டார்கள். கூச்சம்தான். யார்தான் பல் தேய்க்கும் இடத்தில் சொற்பொழிவு ஆற்றிவிட்டு நிம்மதியாக இருப்பார்கள்? மெஸ்ஸில் ஆறு பேர் உட்காரும் மேசை எனக்குத் தனியாகக் கிடைத்தது. சாம்பார் வாளியும்.

இசக்கிக்கும் அதேதான். அவன்தானே முதலில் பழகியவன்.

ஆரம்பத்தில் இருவரும் சிரித்தோம். காலையில் கண் விழித்ததும் என்னைப் பார்த்து, “அனைவருக்கும் என் பணிவான காலை வணக்கம்” என்பான். “வணக்கம் வந்துட்டுலே, வணக்கம் வந்துட்டு!” என்று நான் குதிப்பேன். இரண்டு வாரம் கழித்து அவன் சிரிப்பதை நிறுத்தினான். ஒரு நாள் சாயங்காலம் ஏதோ சொல்ல வந்தவன் தொண்டையைச் செருமினான், கால்களைச் சேர்த்து நின்றான், இந்தியாவின் மின்சாரத் தேவை பற்றி ஆரம்பித்தான். நடுவில் வாயைக் கையால் பொத்திக்கொண்டான்.

“அக்காவுக்குப் பிள்ள பொறந்திருக்குலே. அதச் சொல்லத்தான் வந்தேன்.”

“சொல்லு.”

“உன் மூஞ்சப் பாத்தா அது வர மாட்டேங்கு. மின்சாரம்தான் வருது.”

மறுநாள் எதிர் பிளாக்கில் 109க்கு மாறிக்கொண்டான். புனே வேலைக்குப் படிக்க அமைதி வேண்டும் என்று வார்டனிடம் காரணம் எழுதியிருந்தான். 214இல் எனக்கு அவ்வளவு அமைதி இருந்தது.

ஆண்டு விழா வந்தது. சகாயமேரி மேடம் என்னைக் கூப்பிட்டார். பேசும்போது சன்னலைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவரும் அவையாடி போட்டுப் பழகியவர்.

“கோமதி, இந்த வருஷம் நன்றியுரை நீதான். எல்லாரையும் பேச வெச்ச பிள்ளை, நீ ஒரு தடவை பேச வேண்டாமா?”

நன்றியுரை என்றால் என்னவென்று தெரியும்தானே? சிறப்பு விருந்தினர் பேசி முடித்து, பொன்னாடை போர்த்தி, பரிசு கொடுத்து முடிந்ததும் அறிவிப்பாளர், “இப்போது நன்றியுரை” என்பார். அதைக் கேட்டதும் அரங்கம் மொத்தமாக எழுந்து செருப்பைத் தேடும். உலகத்தில் யாரும் கேட்காத உரை ஒன்று உண்டென்றால் அதுதான். யாரும் கேட்கப் போவதில்லை என்று தெரிந்தும் எனக்குப் பயம் வந்தது. நான்கு மாதமாக நான் யாரோடும் சேர்ந்தாற்போல் மூன்று வாக்கியம் பேசியிருக்கவில்லை. என் குரல் எப்படி இருக்கும் என்பதே சந்தேகமாக இருந்தது.

“மேடம், எனக்கும் ஒரு முகம் வேணும்.”

“பட்டியல்ல இருக்கே.”

“பட்டியல்ல இருக்கது நான் மட்டும்தான் மேடம்.”

மேடம் சன்னலிலிருந்து என் பக்கம் திரும்பி, சட்டென்று மறுபடி சன்னலுக்கே போய்விட்டார். “யாரையாவது நாற்பது நிமிஷம் உட்கார வைப்பா. பதிவு செஞ்சுக்கலாம்.”

யாரை? அம்மாவை வீடியோவில் உட்கார வைத்தேன். “அவையோரே” என்றேன். “ஏம்ப்பா இப்பிடி இளச்சிட்ட?” என்றாள். இயந்திரம் நின்றது. பேருந்து நிறுத்த முடிதிருத்தும் அண்ணாச்சியிடம் கேட்டேன். அவர் நாற்பது நிமிடம் என்ன, மூன்று மணி நேரம்கூட உட்காரத் தயார், ஆனால் அவர்தான் பேசுவாராம்.

கடைசியில் 109இன் கதவைத் தட்டினேன்.

இசக்கி கதவைத் திறந்து, என்னைப் பார்த்து, தரையைப் பார்த்தான். விஷயத்தைச் சொன்னேன். “வாரேம்லே” என்றான் தரையிடம்.

பதிவு அறையில் எதிரெதிராக உட்கார்ந்தோம். கேமரா பச்சை விளக்கு காட்டியது. நான் பேச ஆரம்பித்தேன். அவன் என் முகத்தைப் பார்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் மதிப்பெண் ஏறாது. ஒரு நிமிடம் பார்த்தான். நெற்றியில் வியர்வை. ஒன்றரை நிமிடத்தில் முதுகு நேரானது. நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தான். உதட்டைக் கடித்தான். இரண்டு நிமிடம் பத்து நொடியில் வாய் திறந்துவிட்டது. “பெரியோர்களே, தாய்மார்களே...”

சிவப்பு விளக்கு.

அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. வாய் மட்டும் இந்தியாவின் மின்சாரத் தேவையைச் சொல்லிக்கொண்டே இருந்தது. நான் எழுந்து போய் அறை விளக்கை அணைத்தேன். அப்புறம்தான் நின்றது.

“என் வாய் என் பேச்சக் கேக்க மாட்டேங்குலே” என்றான் இருட்டில். “நான் என்ன செய்ய?”

“ஒண்ணும் செய்ய வேண்டாம். போ.”

போனான்.

ஆண்டு விழா புதன்கிழமை. சிறப்பு விருந்தினர் என் முகத்துடைய முந்நூறு பேரிடம் தன்னம்பிக்கை பற்றி ஒரு மணி நேரம் பேசினார். மாணவர் தலைவர் பேசினார். முதல்வர் பேசினார். கண்ணாடி கை மாறிக்கொண்டே வந்தது. ஆறு ஐம்பதுக்கு அறிவிப்பாளர், “இப்போது நன்றியுரை” என்றார். நாற்காலிகள் பின்னால் தள்ளப்படும் சத்தம் மழை மாதிரி எழுந்தது.

ஒலிபெருக்கிக்கு முன்னால் நின்று அவையாடியை மாட்டினேன். வேறு வழியில்லாமல் என்னையே தேர்ந்தெடுத்திருந்தேன்.

முகம் மட்டும்தான் மாறும் என்று மேடம் சொன்னார் அல்லவா, முதுகுகள் மாறாது. வாசலை நோக்கி நூற்றுக்கணக்கான முதுகுகள் அவரவர் முதுகாகவே போய்க்கொண்டிருந்தன. அங்கங்கே திரும்பிப் பார்த்த இரண்டு மூன்று பேர், பொன்னாடைகளை மடித்துக்கொண்டிருந்த ஒருவர், நாற்காலி வாடகைக்கு விடும் பெரியவர், இவர்கள் மட்டும் கோமதிநாயகங்களாக நின்று என்னை ஆவலோடு பார்த்தார்கள். முன்னால் சாய்ந்து, கண் விரிந்து, எச்சில் விழுங்கி. இந்தக் கல்லூரியில் அந்த முகத்தைப் பார்த்து ஏமாறாத ஒரே ஆள் நான்தான். அது என்ன பார்வை என்று எனக்குத் தெரியும். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தேன்.

அரங்கம் காலியாகிவிட்டது. மூன்றாம் வரிசையில் மட்டும் ஒருவன் இருந்தான். அவனும் ஒழுங்காக இல்லை. நாற்காலியை மேடைக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டு, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பின்மண்டையும் தோளும்தான் தெரிந்தன. போகிறவர்கள் போய்விட்டார்கள், நியாயம். இப்படி உட்கார்ந்து முதுகு காட்டுவது எந்த ஊர் மரியாதை என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அந்த எரிச்சலில் பயம் போனது.

“அனைவருக்கும்” என்றேன்.

அடுத்த சொல் வரவில்லை. அது எங்கே போய் மாட்டிக்கொள்ளும் என்று அன்றுதான் புரிந்தது. தொண்டையில் இல்லை, கொஞ்சம் கீழே. சரி, வணக்கம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

“நன்றி சொல்லணும்னு எழுதிக் குடுத்திருக்காங்க. எனக்கு ஒரு உண்மை சொல்லணும். நீங்க எல்லாரும் பார்த்துப் பேசுறீங்களே, அந்த மூஞ்சி. அது கேட்கவே இல்ல. ஒரு வார்த்தைகூடக் கேட்கல. பரோட்டாவ நெனச்சுக்கிட்டு இருந்துச்சு.”

கல்லூரியின் மிகப் பெரிய ரகசியத்தை முந்நூறு பிளாஸ்டிக் நாற்காலிகளிடம் உடைத்துவிட்டேன். ஒன்றும் அசையவில்லை.

“மெஸ் பொகையப் பாத்துக்கிட்டு இருந்தேன். என் சேக்காளி உயிரக் கொடுத்துப் பேசிக்கிட்டு இருந்தான். என்ன பேசுனான்னுகூட எனக்குத் தெரியாது. தொண்ணூத்தேழு மார்க்கு. மீதி மூணு சால்னாவுக்குப் போயிருக்கும்.”

மூன்றாம் வரிசையில் தலை குனிந்தது. தோள் குலுங்கியது.

அந்தக் குலுங்கலை எனக்குத் தெரியும். நான்கு மாதமாகப் பார்க்கவில்லை.

“இசக்கி?”

“திரும்ப மாட்டேம்லே. திரும்புனா மின்சாரம் வந்துரும்.” குரல் வாசல் பக்கமாகப் போய், சுவரில் பட்டு, என்னிடம் வந்தது. “நீ பேசு.”

“நான் கேட்கலன்னு சொல்லுதேன், நீ சிரிக்க?”

“அன்னைக்கே தெரியும்லா. புதன்கெழமைலா அது.”

அவன் தோள் குலுங்குவது நின்றது.

“மத்தியானமும் நீ திங்கல. அம்புட்டுப் பசியிலயும் எந்திரிச்சுப் போகாம இருந்தியே. அதப் பாத்துதான் பேசுனேன். இல்லாட்டி எனக்கு எங்க வரும்?”

ஒலிபெருக்கி இரைந்துகொண்டிருந்தது. ஜூலைக்கு இன்னும் ஆறு வாரம் இருந்தது. அதற்குப் பிறகு புனே. இந்த முதுகும் இங்கே இருக்காது.

“அக்கா பிள்ளைக்கு என்ன பேரு?” என்று கேட்டேன்.

“மகிழினி. மணி ஏழுதான் ஆகுது. மெஸ்ஸு ஏழரைக்கு. நீ பேசு, நான் அப்புறம் சொல்லுதேன்.”

பேசினேன். என்ன பேசினேன் என்பது இங்கே முக்கியமில்லை. 214இன் மின்விசிறி புதிதாக ஒரு சத்தம் போடுவதைப் பற்றி ஆரம்பித்ததாக ஞாபகம். நாற்காலிக்காரப் பெரியவர் பின்வரிசையிலிருந்து ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே வந்தார். மூன்றாம் வரிசைக்கு வந்ததும் இசக்கியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என்ன பிரார்த்தனையோ என்று நினைத்திருப்பார். மற்ற எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிவிட்டு, அந்த ஒரு நாற்காலிக்காக வாசல்படியில் உட்கார்ந்து பீடியைப் பற்ற வைத்தார்.

ஏழரைக்கு மெஸ் மணி அடித்தது. இசக்கி எழுந்திருக்கவில்லை.